ஷேர்பாயிண்ட் லிஸ்ட்டில் ஒரு வியூவிலிருந்து இன்னொன்றுக்குச் சட்டென்று மாற என்ன வழி?

கப்பலூர்_ஸ்டோர்ஸ்:

வணக்கம். கப்பலூர் சிட்கோ தொழிற்பேட்டையில் ரப்பர் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் ஸ்டோர்ஸும் மெயின்டனன்ஸ் கணக்கும் பார்க்கிறேன். ஐ.டி. படித்தவன் இல்லை, எக்செல் ஓரளவு வரும் என்ற ஒரே குற்றத்துக்காக இந்த வேலையும் என் தலையில் ஏறிவிட்டது.

மெஷின் பழுதையெல்லாம் முன்பு ஒரு நீள நோட்டில் எழுதுவோம். இப்போது ஷேர்பாயிண்ட் ஆன்லைனில் (கம்பெனிக்குள் தகவலைப் பகிர்ந்துகொள்ளும் மைக்ரோசாஃப்ட் தளம்) ஒரு லிஸ்ட் போட்டிருக்கிறோம். எந்த பிரஸ் (ரப்பரை அச்சில் அழுத்தி வார்க்கும் மெஷின்), என்ன கோளாறு (ஹைட்ராலிக் ஆயில் ஒழுகுகிறது, ஹீட்டர் பிளேட் சூடு பிடிக்கவில்லை, சூடு அளக்கும் தெர்மோகப்பிள் தப்பாகக் காட்டுகிறது, ரப்பர் பிசையும் நீடரில் சத்தம் வருகிறது, இப்படி), யார் பார்க்கிறார், பாகம் ஸ்டோரில் இருக்கிறதா, எந்தத் தேதிக்குள் முடிய வேண்டும், எல்லாம் அதில்தான். லிஸ்ட் நன்றாகத்தான் ஓடுகிறது.

சிக்கல் வியூவில், அதாவது லிஸ்ட்டில் எந்த வரிகளை எப்படிக் காட்டுவது என்று வைக்கும் தோற்றத்தில். 'திறந்தவை', 'பாகத்துக்குக் காத்திருப்பவை', 'இந்த வாரம்', 'பிரஸ் வாரியாக', 'குவாலிட்டி பார்க்க வேண்டியவை', 'முடிந்தவை' என்று அவரவருக்குத் தேவையானதைத் தனித்தனி வியூவாகச் செய்து வைத்திருக்கிறேன். ஆனால் லிஸ்ட்டைத் திறந்தால் வந்து நிற்பது ஆல் ஐட்டம்ஸ். வலது மேல் மூலையில் சின்னதாக ஒரு டிராப்டவுன் இருக்கிறது, அதைத் தட்டித்தான் மாற வேண்டும். ஷிப்ட் சூப்பர்வைசர்களில் பாதிப் பேருக்கு அது கண்ணிலேயே படவில்லை. அவர்களைக் குறை சொல்லவும் முடியாது, கையெல்லாம் கார்பன் பிளாக், ஷிப்ட் மாறும் நேரம், அந்த அவசரத்தில் யார் மூலையில் போய்த் தேடுவார்கள்? முடிந்துபோன வேலை உட்பட எல்லா வரியையும் உருட்டிக்கொண்டே போகிறார்கள், இல்லாவிட்டால் எனக்கு போன் போட்டு 'அண்ணே, ஏழாம் நம்பர் பிரஸ்ஸுக்கு சீல் கிட் வந்துருச்சா' என்று கேட்கிறார்கள். இன்னும் சிலர் தாங்களாகவே தலைப்பைத் தட்டி ஃபில்டர் போட்டுவிட்டு அப்படியே விட்டுப் போய்விடுகிறார்கள், அடுத்த ஷிப்ட்டில் வருபவர் அதே திரையைப் பார்த்துவிட்டு லிஸ்ட்டில் பாதியைக் காணோம் என்று அலறுகிறார்.

எனக்கு வேண்டியது இவ்வளவுதான்: வியூ பெயர்கள் பெரிய பட்டன்களாக வரிசையாக நிற்க வேண்டும், ஒரு தட்டுத் தட்டினால் அந்த வியூ வர வேண்டும். கோடிங் தெரியாது. காசும் கிடையாது. தனி ஆப் எழுதித் தருகிறேன் என்று ஒருவர் கொட்டேஷன் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார், அந்தத் தொகையைச் சொன்னால் முதலாளி என்னையும் சேர்த்து ஸ்டோரில் வைத்துப் பூட்டிவிடுவார். யாராவது இதைச் செய்து பார்த்திருக்கிறீர்களா?

திருநகர்_தம்பி:

அண்ணே, முதலில் ஆல் ஐட்டம்ஸை டீஃபால்ட்டிலிருந்து தூக்குங்கள். 'திறந்தவை' வியூவுக்குப் போய் அதே டிராப்டவுனைத் திறந்தால் அடியில் 'செட் கரண்ட் வியூ ஆஸ் டீஃபால்ட்' என்று இருக்கும், அதைத் தட்டினால் போதும், இனிமேல் லிஸ்ட்டைத் திறக்கிற எல்லோருக்கும் அதுதான் முதலில் வரும். பாதித் தொல்லை அதிலேயே தீர்ந்துவிடும், முடிந்த வேலையைத் தினமும் யார் பார்க்கப்போகிறார்கள்?

அப்புறம் உங்கள் வியூக்கள் எல்லாம் பப்ளிக் வியூதானா என்று ஒரு தடவை சரிபாருங்கள். வியூ உருவாக்கும்போது 'மேக் திஸ் எ பப்ளிக் வியூ' என்ற டிக் எடுக்கப்பட்டிருந்தால் அது உங்களுக்கு மட்டும்தான் தெரியும், சூப்பர்வைசர் எவ்வளவு தேடினாலும் கிடைக்காது. பல இடங்களில் 'கண்ணில் படவில்லை' என்பதற்குக் காரணமே இதுதான்.

புதிய தோற்றம் வந்த ஆபீஸ்களில் வியூ பெயர்கள் லிஸ்ட்டுக்கு மேலேயே தாவல்களாக வரிசை கட்டி நிற்கின்றன. நீங்கள் கேட்பது கிட்டத்தட்ட அதுதான். உங்களுக்கும் ஒருநாள் வரும், ஆனால் அதை நம்பி உட்கார்ந்திருக்க வேண்டாம்.

வடபழஞ்சி_அக்கா:

தம்பி சொன்னது சரிதான். ஆனால் டீஃபால்ட் ஒன்றுதான் இருக்க முடியும், ஸ்டோருக்கு ஒன்று குவாலிட்டிக்கு ஒன்று என்று வைக்க வழியில்லை. எல்லோரையும் ஒரே வியூவில் கொண்டுவந்து நிறுத்துவது, மதுரையில் தேனி பஸ்ஸுக்குப் போகிறவரை ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்குப் பதில் மாட்டுத்தாவணியில் இறக்கிவிட்டு இனி நீங்களே பார்த்துப் போய்க்கொள்ளுங்கள் என்பது மாதிரி. ஆளை லிஸ்ட்டுக்குள் அனுப்பிவிட்டு அங்கிருந்து மாறச் சொல்லாதீர்கள், நேராக அவருடைய வியூவிலேயே இறக்கிவிடுங்கள்.

அது முடியும், ஏனென்றால் ஷேர்பாயிண்ட்டில் ஒவ்வொரு வியூவுக்கும் சொந்த முகவரி உண்டு. ஒரு வியூவைத் திறந்து வைத்துக்கொண்டு பிரவுசரின் முகவரிப் பட்டையைப் பாருங்கள். லிஸ்ட் பெயருக்குப் பின்னால் 'ஆல்ஐட்டம்ஸ் டாட் ஏஎஸ்பிஎக்ஸ்' என்பதுபோல அந்த வியூவின் பெயரில் ஒரு பக்கம் இருக்கும், சில நேரம் 'வியூஐடி' என்று நீளமாக ஒன்றும் வாலில் ஒட்டிக்கொண்டு வரும். அந்த முகவரியைக் காப்பி செய்து மெயிலிலோ டீம்ஸ் சாட்டிலோ டெஸ்க்டாப் ஷார்ட்கட்டிலோ எங்கே ஒட்டினாலும், தட்டியவுடன் அந்த வியூவே திறக்கும். டிராப்டவுன் பக்கமே போக வேண்டியதில்லை.

இதை வைத்து உடனே செய்யக்கூடியது, தளத்தின் இடப்பக்க மெனுவில் இணைப்புகளாகப் போடுவது. அந்த மெனுவின் அடியில் 'எடிட்' என்று இருக்கும், அதைத் தட்டி, இரண்டு வரிகளுக்கு நடுவில் மவுஸை வைத்தால் ஒரு கூட்டல் குறி வரும், லிங்க் என்று தேர்ந்தெடுத்து முகவரியை ஒட்டி, பெயரைத் தமிழில் கொடுத்து, சேவ் செய்துவிடுங்கள். எந்த வியூவில் இருந்தாலும் அந்த மெனு இடப்பக்கத்தில் இருந்துகொண்டே இருக்கும் என்பதால் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு ஒரே தட்டில் போகலாம்.

ஆனால் உங்கள் ஆட்களுக்குப் பெரிய பட்டன்தான் வேண்டும் என்றால் ஒரு பக்கம் உருவாக்குங்கள். நியூ, பேஜ், வெற்றுப் பக்கம் போதும். அதில் 'க்விக் லிங்க்ஸ்' என்ற வெப் பார்ட்டை (பக்கத்தில் பொருத்தும் ஒரு துண்டு) சேர்த்து, தோற்றத்தில் 'பட்டன்' அல்லது 'டைல்ஸ்' தேர்ந்தெடுங்கள். ஒவ்வொன்றுக்கும் வியூ முகவரி, தமிழில் பெயர், பக்கத்தில் ஒரு ஐகான். பட்டன் தோற்றத்தில் பெயருக்குக் கீழே ஒரு வரி விளக்கமும் போடலாம், 'பாகம் வராமல் நிற்கும் வேலைகள்' என்று எழுதினால் புதிதாக வருபவருக்கும் புரியும். பக்கத்தை பப்ளிஷ் செய்தபின் 'சைட் பேஜஸ்' போய் அதை 'மேக் ஹோம்பேஜ்' கொடுத்துவிடுங்கள். தளத்தைத் திறந்தாலே பட்டன்கள்தான் முகத்தில் நிற்கும். ஒரு ரூபாய் செலவில்லை, ஒரு வரி கோடு இல்லை.

அதே பக்கத்தில் பட்டன்களுக்குக் கீழே 'லிஸ்ட்' வெப் பார்ட்டையும் வைக்கலாம், எந்த வியூ காட்ட வேண்டும் என்று அதன் செட்டிங்கிலேயே தேர்ந்தெடுக்க முடியும். 'திறந்தவை' ஒன்று, 'பாகத்துக்குக் காத்திருப்பவை' ஒன்று என இரண்டு வெப் பார்ட் வைத்தால் இந்த இரண்டுக்கும் மாற வேண்டிய வேலையே இல்லை, இரண்டும் கண்ணெதிரே இருக்கும். பக்கத்தின் பகுதிகளை மடக்கி விரிப்பதுபோலவும் அமைக்கலாம். ஆசைப்பட்டு ஆறையும் ஒரே பக்கத்தில் அடுக்காதீர்கள், திறக்கவே நேரமாகும், கடைசியில் உருட்டுகிற வேலைதான் திரும்பி வரும்.

வியூவை முதலில் உருவாக்கும்போது பெயரை இடைவெளி இல்லாமல் சின்னதாக ஆங்கிலத்தில் கொடுங்கள். அந்தப் பெயர்தான் முகவரியாக மாறும். உருவானபின் தமிழில் பெயரை மாற்றிக்கொள்ளலாம். இடைவெளி விட்டுப் பெயர் வைத்தால் முகவரி முழுக்க சதவீதக் குறியாக இருக்கும், வாட்ஸ்அப்பில் அனுப்பினால் நடுவில் உடைந்து போகிற வாய்ப்பும் உண்டு.

கப்பலூர்_ஸ்டோர்ஸ்:

அக்கா, கோடி நன்றி. பக்கம் செய்து பட்டனும் வைத்துவிட்டேன், மதியச் சாப்பாட்டு நேரத்திலேயே முடிந்துவிட்டது. டீஃபால்ட்டையும் மாற்றியாயிற்று. தம்பி சொன்ன மாதிரியே 'குவாலிட்டி பார்க்க வேண்டியவை' வியூவில் பப்ளிக் டிக் இல்லாமல்தான் கிடந்தது, க்யூ.சி. மேடம் இத்தனை நாளும் தன் கணினியில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்துக்கொண்டிருந்தாராம்.

இப்போது இரண்டு சந்தேகம். பட்டனைத் தட்டினால் வியூ திறக்கிறது, ஆனால் திரும்பிப் பட்டன் பக்கத்துக்கு வர பிரவுசரின் பின்னோக்கு அம்புக்குறியை அழுத்த வேண்டியிருக்கிறது, அது சிலருக்குப் பிடிபடவில்லை. இன்னொன்று, சூப்பர்வைசர் ஒவ்வொருவருக்கும் 'என் வேலை' என்று தனித்தனி வியூ கேட்கிறார்கள். ஒன்பது பேர் இருக்கிறார்கள், ஒன்பது வியூ போட்டால் ஒன்பது பட்டனா? ஷாப் ஃப்ளோரில் இருப்பது ஒரே ஒரு கணினி, எல்லோரும் ஒரே லாகினில்தான் நுழைகிறார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பசுமலை:

ஒன்பது வியூ போடாதீர்கள், தயவுசெய்து. வியூ ஃபில்டரில் ஆளின் பெயருக்குப் பதில் சதுர அடைப்புக்குறிக்குள் 'மீ' என்று ஆங்கிலத்தில் போட்டால், யார் லாகின் செய்திருக்கிறாரோ அவருடைய வேலை மட்டும் வரும். ஒரே வியூ, ஒரே பட்டன், அவரவருக்கு அவரவர் வேலை. இதேபோல 'டுடே' என்றும் ஒன்று உண்டு. முடிக்க வேண்டிய தேதி என்ற நெடுவரிசையில், டுடே கூட்டல் 7-க்குக் குறைவு அல்லது சமம் என்று வைத்தால் 'இந்த வாரம்' தானாகவே நாளுக்கு நாள் நகரும், நீங்கள் ஒவ்வொரு திங்கட்கிழமையும் தேதி மாற்ற வேண்டாம். கூட்டல் குறிக்கு முன்னும் பின்னும் இடைவெளி விடக் கூடாது. சித்திரைத் திருவிழா வருகிற சமயத்தில் மட்டும் அந்த 7-ஐ 14 ஆக்கிவிடுங்கள். அழகர் ஆற்றில் இறங்குகிற அன்றைக்கு எந்த ஃபிட்டரும் பிரஸ் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டார், முன்கூட்டியே தெரிந்தால்தான் வேலையை அதற்கு முன்னால் தள்ள முடியும்.

ஆனால் உங்கள் கதையில் இடிக்கிற இடம் அந்த ஒரே லாகின். எல்லோரும் ஒரே பெயரில் நுழைந்தால் 'மீ' என்பது யார்? எல்லோர் வேலையும் சேர்ந்து வரும், அல்லது ஒன்றுமே வராது. அது மட்டுமில்லை, யார் எந்த வரியை மாற்றினார் என்ற வரலாறும் ஒரே பெயரில்தான் பதிவாகும். 'பிரஸ் சரியாகிவிட்டது' என்று யாரோ மூடிவிட்டுப் போய், அடுத்த ஷிப்ட்டில் ஆயில் பீச்சி அடித்தால் யாரைக் கேட்பீர்கள்? ஷாப் ஃப்ளோர் ஆட்களுக்கென்றே எஃப்1, எஃப்3 என்று விலை குறைந்த லைசென்ஸ்கள் மைக்ரோசாஃப்ட்டிடம் உண்டு, இரண்டிலும் ஷேர்பாயிண்ட் வரும். முதலாளியிடம் வியூவுக்காக என்று கேட்காதீர்கள், பொறுப்பு யாருடையது என்று தெரிவதற்காக என்று கேளுங்கள், கிடைக்கும்.

அதுவரைக்கும், 'யார் பார்க்கிறார்' என்பதை வைத்து குரூப் செய்த ஒரு வியூ போதும். எடிட் வியூவில் 'குரூப் பை' என்ற இடத்தில் அந்த நெடுவரிசையைக் கொடுத்து, மடங்கிய நிலையில் காட்டு என்று வைத்தால் பெயர்கள் மட்டும் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கும், தன் பெயரைத் தட்டினால் தன் வேலை விரியும்.

திரும்பி வருவதற்கு அக்கா முதலில் சொன்ன இடப்பக்க மெனுதான் விடை. பட்டன் பக்கம், மெனு, இரண்டிலும் அதே பெயர்கள், அதே வரிசை. இல்லாவிட்டால் பட்டன் இணைப்பில் 'ஓபன் இன் நியூ டேப்' வைக்கலாம், ஆனால் சாயங்காலத்துக்குள் அந்தக் கணினியில் தாவல்கள் கொட்டிக்கிடக்கும், எனக்கு அது பிடிக்காது.

ஃபில்டர் போட்டுவிட்டுப் போகிறார்கள் என்றீர்களே, அதைவிட மோசமான ஒன்று உண்டு. ஃபில்டர் போட்டவுடன் வியூ பெயருக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி வரும், மாற்றம் இன்னும் சேமிக்கப்படவில்லை என்று அர்த்தம். அந்த நேரத்தில் ஒருவர் 'சேவ் வியூ ஆஸ்' தட்டி அதே பெயரில் சேமித்தால், எல்லோருக்கும் அந்த வியூ மாறிவிடும். சாதாரணமாகத் தளத்தின் மெம்பர்ஸ் குழுவுக்கு 'எடிட்' அனுமதி இருக்கும், அதில் இந்த உரிமையும் சேர்ந்தே வருகிறது. லிஸ்ட் செட்டிங்ஸ் போய், 'பெர்மிஷன்ஸ் ஃபார் திஸ் லிஸ்ட்' என்ற இடத்தில், மேலிருந்து வரும் அனுமதியைத் துண்டித்துவிட்டு அவர்களுக்கு 'கான்ட்ரிப்யூட்' மட்டும் கொடுங்கள். வரி சேர்க்கலாம், திருத்தலாம், தனக்கென்று சொந்த வியூவும் செய்துகொள்ளலாம், பொது வியூவில் கைவைக்க முடியாது. நான் வேலை பார்த்த ஒரு இடத்தில் இதைச் செய்யாததால் வாரா வாரம் ஒரு வியூ காணாமல் போகும், ஆளாளுக்கு அடுத்தவரைக் கைகாட்டுவார்கள்.

ஒத்தக்கடை:

இதில் ஒரு குறுக்கு வழி சொல்கிறேன், ஷாப் ஃப்ளோருக்கு மிகவும் பொருந்தும். பிரஸ் வாரியாகப் பார்ப்பதற்கு வியூவே வேண்டாம், முகவரியிலேயே ஃபில்டர் வைக்கலாம். 'திறந்தவை' வியூவைத் திறந்து, பிரஸ் எண் தலைப்பைத் தட்டி 'ஃபில்டர் பை' கொடுத்து ஏழாம் நம்பரை மட்டும் டிக் செய்யுங்கள். இப்போது முகவரியைப் பாருங்கள், கேள்விக்குறிக்குப் பின்னால் ஃபில்டர்ஃபீல்டு1, ஃபில்டர்வேல்யூ1 என்று சேர்ந்திருக்கும். அந்த முகவரியை அப்படியே காப்பி செய்தால் அது ஏழாம் நம்பர் பிரஸ்ஸின் திறந்த வேலைகளுக்கான நேர் இணைப்பு. ஃபில்டர்வேல்யூ1-க்குப் பின்னால் இருக்கும் பிரஸ் எண்ணை மட்டும் மாற்றினால் எட்டாம் பிரஸ், ஒன்பதாம் பிரஸ்.

இனிமேல்தான் விஷயமே. அந்த முகவரியை க்யூஆர் கோடாக்குங்கள். எட்ஜ், குரோம் இரண்டிலும் பக்கத்துக்கு க்யூஆர் கோடு உருவாக்கும் வசதி உள்ளேயே இருக்கிறது, வெளி வெப்சைட்டில் கம்பெனி முகவரியைக் கொண்டுபோய்க் கொட்ட வேண்டாம். பிரின்ட் எடுத்து அந்தந்த பிரஸ்ஸில் ஒட்டிவிட்டால் சூப்பர்வைசர் போனில் ஸ்கேன் செய்வார், அந்த மெஷினின் வேலை மட்டும் வரும். டிராப்டவுனும் வேண்டாம் பட்டனும் வேண்டாம். போனில் ஒருமுறை கம்பெனி ஐடியில் லாகின் செய்திருக்க வேண்டும், அவ்வளவுதான். முதலில் ஒரே ஒரு ஸ்டிக்கரை ஒட்டி இரண்டு மூன்று பேர் போனில் சோதித்துவிட்டு அப்புறம் எல்லா பிரஸ்ஸிலும் ஒட்டுங்கள்.

ஒரு எச்சரிக்கை. முகவரியில் வருவது நெடுவரிசையின் திரைப் பெயர் இல்லை, உள்பெயர். முதன்முதலில் என்ன பெயரில் உருவாக்கினீர்களோ அதுவேதான் கடைசிவரை உள்பெயர், பிறகு எத்தனை முறை மாற்றினாலும் அது மாறாது. ஆங்கிலத்தில் இடைவெளி விட்டிருந்தால் அந்த இடத்தில் எக்ஸ்0020 என்று முன்னும் பின்னும் அடிக்கோட்டோடு வரலாம். தமிழில் உருவாக்கியிருந்தால் ஒவ்வொரு எழுத்தும் அப்படி ஒரு குறியீடாகிவிடும், அதுவும் 32 எழுத்தோடு வெட்டுப்படும், பார்க்கவே தலை சுற்றும். அதனால் நெடுவரிசைக்கும் அக்கா சொன்ன அதே வழிதான்: ஆங்கிலத்தில் சின்னதாக உருவாக்கிவிட்டுத் தமிழில் பெயர் மாற்றுங்கள். ஏற்கெனவே தமிழில் உருவாக்கியிருந்தால் பயப்பட வேண்டாம், கையால் எழுதாமல் நான் சொன்ன மாதிரி ஃபில்டர் போட்டு காப்பி செய்தால் அந்தக் குறியீடு தானாகவே வந்துவிடும், நீளமாக இருக்கும், வேலை செய்யும்.

செல்லூர்_சர்வர்:

நடுவில் புகுந்து ஒரு கேள்வி. எங்கள் ஆபீஸில் ஆன்லைன் இல்லை, சொந்த சர்வரில் ஷேர்பாயிண்ட் 2016. இதெல்லாம் எங்களுக்கும் நடக்குமா? அப்புறம் குறிப்பிட்ட சில வரிகளை மேனேஜர்கள் மட்டும் பார்க்க வேண்டும், அதற்குத் தனி வியூ போட்டு மற்றவர்களுக்கு அந்த பட்டனைக் கொடுக்காமல் விட்டுவிடலாமா?

வடபழஞ்சி_அக்கா:

2016-இல் லிஸ்ட் பழைய தோற்றத்தில்தான் இருக்கும். அதில் லிஸ்ட்டுக்கு மேலேயே முதல் மூன்று வியூவின் பெயர் வரிசையாக நிற்கும், மீதி எல்லாம் மூன்று புள்ளிக்குள் ஒளிந்துகொள்ளும். மேலே ரிப்பனில் 'லிஸ்ட்' தாவலைத் திறந்தால் 'கரண்ட் வியூ' என்று ஒரு டிராப்டவுனும் உண்டு. வியூவுக்குத் தனி முகவரி, இடப்பக்க மெனுவில் இணைப்பு, மீ, டுடே எல்லாம் உங்களுக்கும் பொருந்தும். க்விக் லிங்க்ஸ் பட்டன் பக்கம் கிடைக்காது, அதற்குப் பதில் 'ப்ரமோட்டட் லிங்க்ஸ்' என்ற ஆப்பைச் சேர்த்தால் பெரிய கட்டங்களாக வரும், ஒவ்வொன்றுக்கும் வியூ முகவரியைக் கொடுங்கள். உங்கள் சர்வர் ஆட்களிடம் இன்னொன்றையும் சொல்லிவையுங்கள், 2016, 2019 இரண்டுக்கும் மைக்ரோசாஃப்ட் ஆதரவின் கடைசித் தேதி 2026 ஜூலை 14. புதிதாக எதையும் பெரிதாகக் கட்டுவதற்கு முன் அதைப் பேசிவிடுங்கள்.

இரண்டாவது கேள்விக்கு: கூடாது, கூடவே கூடாது. வியூ பூட்டு இல்லை. பட்டன் கொடுக்காவிட்டாலும் லிஸ்ட்டுக்குள் வர முடிகிறவர் வேறு வியூவுக்குப் போகலாம், சொந்தமாக ஒரு வியூ செய்து மறைத்த நெடுவரிசையையும் பார்க்கலாம், தேடலிலும் வரும். க்விக் லிங்க்ஸில் குறிப்பிட்ட குழுவுக்கு மட்டும் பட்டனைக் காட்டும் 'ஆடியன்ஸ் டார்கெட்டிங்' வசதியும் அப்படித்தான், கூட்டத்தைக் குறைக்க நல்லது, ரகசியத்துக்கு ஆகாது. மேனேஜர் சமாசாரத்தைத் தனி லிஸ்ட்டாகப் பிரித்து அதற்கு அனுமதியைத் தனியாக வையுங்கள்.

கப்பலூர்_ஸ்டோர்ஸ்:

இடப்பக்க மெனுவிலும் பெயர்களைப் போட்டுவிட்டேன், பின்னோக்கு அம்புக்குறிப் பிரச்சினை போய்விட்டது. க்யூஆர் யோசனைதான் எங்கள் ஆட்களுக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது, ஒரு பிரஸ்ஸில் ஒட்டிப் பார்த்தோம், மூத்த சூப்பர்வைசர் ஒருவர் தன் போனில் ஸ்கேன் செய்துவிட்டு மற்றவர்களுக்கு வகுப்பே எடுத்துக்கொண்டிருக்கிறார். கான்ட்ரிப்யூட் அனுமதிக்கு ஹெட் ஆபீஸில் கேட்டிருக்கிறேன், எஃப்1 லைசென்ஸ் கதையையும் பொறுப்பு என்ற கோணத்திலேயே போட்டுவிட்டேன், முதலாளி முறைக்கவில்லை.

கடைசியாக ஒன்று. 'முடிந்தவை' நாளுக்கு நாள் பெருகிக்கொண்டே போகிறது. 5000-ஐத் தாண்டினால் லிஸ்ட் நின்றுவிடும் என்று ஹெட் ஆபீஸில் ஒருவர் பயமுறுத்துகிறார். பழையதை அழித்துவிட வேண்டுமா?

வடபழஞ்சி_அக்கா:

அழிக்காதீர்கள், பழைய பழுது வரலாறுதான் எந்த பிரஸ்ஸை மாற்ற வேண்டும் என்று முதலாளியிடம் காட்ட உங்கள் கையில் இருக்கும் ஒரே ஆதாரம். லிஸ்ட்டில் 3 கோடி வரிகள் வரை வைக்கலாம். 5000 என்பது ஒரு வியூ ஒரே மூச்சில் அலசக்கூடிய வரிகளுக்கான வரம்பு, ஆன்லைனில் அதைக் கூட்ட முடியாது. நிலைமை, தேதி, பிரஸ் எண் மூன்றுக்கும் இப்போதே இன்டெக்ஸ் (வரிகளைச் சீக்கிரம் தேடிப் பிடிக்க உதவும் அட்டவணை) போட்டுவிடுங்கள், லிஸ்ட் செட்டிங்ஸின் அடியில் 'இன்டெக்ஸ்டு காலம்ஸ்' என்று இருக்கும், ஒரு லிஸ்ட்டுக்கு 20 வரை போடலாம். வரி குறைவாக இருக்கும்போதே போடுவது சுலபம். ஒவ்வொரு வியூவிலும் முதல் ஃபில்டர் இன்டெக்ஸ் போட்ட நெடுவரிசையாக இருக்கட்டும், அதுவே வரிகளை 5000-க்குக் கீழே கொண்டுவந்துவிட வேண்டும். 'முடிந்தவை' வியூவில் முதல் ஃபில்டராகத் தேதி, டுடே கழித்தல் 90-க்குப் பிறகு என்று வையுங்கள். அதற்கும் பழையது வேண்டுமென்றால் ஆண்டு வாரியாக ஒரு வியூ, அதற்குப் பட்டன் வேண்டாம், டிராப்டவுனிலேயே கிடக்கட்டும்.

ஒத்தக்கடை:

ஸ்டிக்கரை ஹீட்டர் பிளேட் பக்கத்தில் ஒட்டிவிடாதீர்கள், லேமினேஷன் சுருண்டுவிடும். கண்ட்ரோல் பேனல் கதவில் ஒட்டுங்கள், கருப்பு படிந்தாலும் துணியால் துடைத்துக்கொள்ளலாம்.